வளைவுக் கடைத் தண்ணீர்

பூண்டுலோயா
30.08.2025

ஜீவா,

இரண்டு மூன்று நாளாக உன் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்பது இன்றுதான் மண்டையில் ஏறியது. பேஸ்புக்கிலும் உன்னைக் காணோம். கடை விலாசத்துக்கு எழுதினால் உன் வீட்டுக்காரர் சுமன் அண்ணன் கையில் கிடைத்து அடுப்புக்குள் போய்விடும். அதனால் உன் சமையலறையில் வேலை செய்யும் அழகம்மாவின் தோட்ட லயத்து வீட்டு விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன்.

நான் எழுதியதில் பொய் இல்லை. மாற்றலாகி இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்ததிலிருந்து எனக்குக் கடைச் சாப்பாடுதான். ஒற்றை ஆளுக்காக அடுப்பு மூட்ட மனம் வருவதில்லை. சனி, ஞாயிறில் பஸ் ஏறி ஒவ்வோர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, ‘இன்னைக்கு எங்க சாப்பிட்டோம்’ என்று என் பக்கத்தில் எழுதுகிறேன். ஹட்டனில் ஒரு கடையில் உளுந்து வடை கல்லு மாதிரி இருந்தது என்று எழுதினேன். நோர்வூட்டில் ஒரு கடையில் சம்பலுக்கு ஊசிப்போன தேங்காய் என்று எழுதினேன். அவர்கள் யாரும் என்னை வெட்டிவிடவில்லை. சிநேகிதியின் கடை என்பதற்காக உங்கள் கடையை மட்டும் புகழ்ந்தால், மற்றவர்களைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை?

உங்கள் தோசைக்கு இந்தப் பக்கத்தில் ஜோடி கிடையாது. அதையும்தான் எழுதினேன். ஆனால் டீயில் மண் வாசம் இருந்தது, ஜீவா. மழைக்கு வருமே, அந்த நல்ல வாசம் இல்லை. ஆழமாய்க் குழி தோண்டும்போது அடியிலிருந்து வருகிற, வெயில் படாத மண்ணின் வாசம். ரசத்திலும் இருந்தது. தம்ளரைக் காலி செய்தபோது அடியில் சிவப்பாய் ஒரு வட்டம்.

பதிவை எடுக்கச் சொல்லிக் கடைசியாக மெசேஜ் போட்டிருந்தாய். எடுக்க மாட்டேன். என்மேல் கோபப்படுவதை விட்டுத் தண்ணீரைப் பாருங்கள்.

கோசலா

மஸ்கெலியா
09.09.2025

கோசலா,

போனில் பேசினால் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன். எழுதினால் நிதானம் வரும் என்று உட்கார்ந்தேன். வரவில்லை.

டீயில் வாசம் அடித்தால் எழுந்து வந்து சமையலறைக் கதவில் நின்று, “ஜீவா, என்னமோ மாதிரி இருக்குடி” என்று சொல்ல உனக்கு முடியாதா? நான் உள்ளேதான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சிரித்த முகமாய்ப் போய் வருகிறேன் என்று சொன்னாய். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து உலகத்துக்கெல்லாம் சொல்லிவிட்டாய். அவர் டீ ஆற்றுகிற படத்தையும் சேர்த்துப் போட்டாய்.

இப்போது வருகிறவர்கள் எல்லாரும் தம்ளரை முதலில் மூக்குக்குக் கொண்டுபோகிறார்கள். போன வாரம் ஒரு வேன்காரன் உள்ளே வந்ததும், “அண்ணே, மண்ணு டீ ஒண்ணு போடுங்க” என்றான். கடையே சிரித்தது. அவரும் சிரித்த மாதிரியே ஊற்றிக் கொடுத்தார். அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. உன் பேரைச் சொன்னாலே இப்போது எழுந்து போய்விடுகிறார்.

எங்களுக்கு வருவது மலை ஊற்றுத் தண்ணீர் என்பது உனக்குத் தெரியாததா? மேலே தேயிலைக்கு நடுவில் ஊற்று வந்து விழுகிற பீலி இருக்கிறது. அங்கிருந்துதான் குழாய் போட்டிருக்கிறோம். மழைக்குக் கொஞ்சம் கலங்கும். குழாய் வாயில் துணி கட்டிவிட்டோம். இந்த வாரம் மழையே இல்லை, ஆனாலும் துணி சிவக்கத்தான் செய்கிறது. குழாய் பழசு, அதனால் இருக்கும்.

டிசம்பரில் சிவனொளிபாத மலைக்குப் போகிற சீசன் தொடங்கும். அதற்குள் பின்னால் கட்டுகிற மண்டபம் முடியவேண்டும் என்று அவர் ராப்பகலாய் நிற்கிறார். கல்யாணம், சடங்கு என்று யாருக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு நல்ல இடமில்லை. அது நடந்தால் நாங்கள் நிமிர்ந்துவிடுவோம். எங்களை விட்டுவிடு.

ஜீவராணி

பூண்டுலோயா
27.09.2025

ஜீவா,

திட்டினாலும் எழுதினாயே, அது போதும்.

இதைச் சண்டைக்காக எழுதவில்லை. நேற்றிலிருந்து மனசு சரியில்லை. இங்கே கடைத்தெருவின் கோடியில் ராக்காயி அக்கா என்று ஒருவர் ரொட்டிக் கடை வைத்திருக்கிறார். தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியும் கட்டச் சம்பலும். நாலு பெஞ்சுதான். மழைக்கு ஒதுங்கிய நேரத்தில், என் பக்கத்தைப் பார்க்கும் பெண்ணொருத்தி, “டீச்சர், அந்த மண்ணு டீ கடை இன்னும் இருக்கா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். ராக்காயி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கல்லில் கிடந்த ரொட்டியைத் திருப்பாமல், “எந்தத் தண்ணி?” என்று கேட்டார்.

பீலித் தண்ணீர் என்றேன்.

“எங்க லயத்துக்கும் பீலித் தண்ணிதான். வெயில் காலத்துலயே செவப்பா வந்துச்சு. தோட்டத்துல குழாயைக் கழுவிட்டுப் போனாங்க. அப்புறம் கதவெல்லாம் இறுகுச்சு. மழையில மரம் ஊதிருச்சுன்னு நாங்க நெனச்சோம். அப்புறம் ஒருநாளு பீலி நின்னு போச்சு. தண்ணி வேற பக்கமா சொவத்துக்குள்ள இருந்து வந்துச்சு.”

அவ்வளவு சொல்லிவிட்டு ரொட்டியைத் திருப்பினார். அது கருகியிருந்தது. அந்த லயத்தில் அவருடைய தங்கை குடும்பம் இருந்ததாம். “இருந்தாங்க” என்று மட்டும் சொன்னார். மலை இறங்கிய கதை என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

சுமன் அண்ணன் மண்டபத்துக்காகப் பின்னால் மலையைச் செங்குத்தாய் வெட்டியிருப்பதை நான் ஆகஸ்ட்டில் பார்த்தேன். அப்போது அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நாக்குக்குத்தான் ஏதோ தெரிந்தது. எனக்கு இதை மட்டும் எழுது: உங்கள் கதவுகள் சரியாய்ச் சாத்துகின்றனவா?

கோசலா

மஸ்கெலியா
14.10.2025

கோசலா,

தீபாவளி வேலை தலைக்குமேல் இருக்கிறது. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் தோட்டங்களிலிருந்து ஓடர் வந்திருக்கிறது. மாவுக் கையோடு எழுதுகிறேன்.

கதவு சாத்துகிறதா என்று கேட்டாய். சமையலறைக் கதவு இறுகியது உண்மை. தச்சு வேலை பாஸ் வந்து சீவிக் கொடுத்தார், இப்போது சாத்துகிறது. மண்டபத்துத் தரையில் மூன்று நான்கு டைல்ஸ் வெடித்தன. மலிவுச் சரக்கு என்று அவர் கடைக்காரனோடு சண்டைக்குப் போனார். வெடிப்பு கோணல்மாணலாய் இல்லை. ஒரே கோடாய்ப் பின்சுவரிலிருந்து வாசல்வரை ஓடுகிறது. அதைக் கம்பளம் போட்டு மறைத்திருக்கிறோம்.

நீ பயப்படுகிற மாதிரித் தண்ணீர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மேலே பீலியில் இப்போது வரத்து குறைந்துவிட்டது. ஆனால் மண்டபத்துப் பின்சுவருக்கு அடியில் புதுசாய் ஓர் ஊற்று கிளம்பியிருக்கிறது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தியா ஜீவா, சாமியே தண்ணி குடுக்குது” என்று சொல்லிக் குழாய் வைத்துத் தொட்டிக்கு இழுத்துவிட்டார். தெளிவான தண்ணீர்தான், ஐஸ் மாதிரி குளிர்கிறது.

இதை எழுதிவிட்டு உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ராக்காயி அக்கா சொன்னதை இரண்டுதரம் வாசித்தேன். இவரிடம் அதைச் சொல்லப் போனேன். உன் பேர் வந்ததும் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

மண்டபத்துக்கு முதல் விசேஷம் கிடைத்துவிட்டது. த்ரீவீல் ஓட்டுகிற மதுரனை உனக்குத் தெரியுமே, அவர் மகளுக்குச் சடங்கு. நவம்பர் இருபத்தெட்டு. நல்ல விசேஷம் வருகிற நேரத்தில் கெட்ட பேச்சுப் பேசாதே.

ஜீவராணி

பூண்டுலோயா
03.11.2025

ஜீவா,

நேற்று நான் கடைக்கு வந்தது உனக்குத் தெரியும். சமையலறைத் திரைக்குப் பின்னால் உன் காலைப் பார்த்தேன். நீ வெளியே வரவில்லை. பரவாயில்லை.

நடந்ததை நீ அரைகுறையாய்க் கேட்டிருப்பாய், அதனால் எழுதுகிறேன். நான் மண்டபத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தேன். சுமன் அண்ணனே இலை போட்டார், தண்ணீர் தெளித்தார், இடியப்பமும் சொதியும் வைத்தார். குறையே இல்லை. நான் சாப்பிடுவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாப்பிட வந்தீங்களா, குத்தம் பாக்க வந்தீங்களா டீச்சர்?”

“அண்ணே, சொதி நல்லா இருக்கு. நான் சாப்பாட்டைப் பத்திப் பேச வரல. அந்தப் பின்சுவரைப் பாருங்க. ஜன்னல் சீலை சுவரைத் தொடாம தனியா தொங்குது. சீலை நேராத்தான் தொங்கும். அப்ப சுவருதானே சாயுது?”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “டீயில மண்ணுன்னீங்க. இப்ப சுவரு சாயுதுன்றீங்க. நாளைக்கு மலையே விழுதுன்னு எழுதுவீங்க. எழுதுங்க. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு டீச்சர். நீங்க எந்திரிச்சுப் போனா இன்னொரு கடை இருக்கும் உங்களுக்கு.”

இலையை அவரே மடித்து எடுத்துக்கொண்டு போனார். நான் பாதிதான் சாப்பிட்டிருந்தேன்.

அவர் சொன்னது பஸ் முழுவதும் காதில் இருந்தது. ஆனாலும் பஸ் ஏறும் முன்பே உங்கள் கிராம சேவகரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நீ என்னை வெறுத்தாலும் சரி. சுவருக்குப் பின்னால், வெட்டிய மலைக்கு மேலே தேயிலைச் செடிகள் எல்லாம் ஒரு பக்கமாய்த் தலை சாய்த்து நிற்கின்றன. காற்று அடித்த மாதிரி. நேற்றுக் காற்றே இல்லை.

கோசலா

மஸ்கெலியா
15.11.2025

கோசலா,

கிராம சேவகர் வந்தார். பார்த்தார். படம் எடுத்தார். மண்சரிவு பார்க்கிறவர்களுக்கு அறிவிப்பதாகவும், அவர்களுக்குப் பார்க்க வேண்டிய இடங்கள் நிறைய இருப்பதாகவும் சொன்னார். அதுவரை மண்டபத்தைப் பாவிக்காமல் இருந்தால் நல்லது என்றார். கட்டாயம் என்று சொல்லவில்லை. அவருக்கு டீயும் வடையும் கொடுத்து அனுப்பினோம்.

நீ சொல்லித்தான் கிராம சேவகர் வந்தார் என்பது இவருக்குத் தெரிந்துவிட்டது. நான் உனக்கு எழுதுவதும் தெரிந்துவிட்டது. கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேச்சே குறைந்துவிட்டது.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? மத்தியானம் கூட்டம் கலைந்ததும் நானும் அழகம்மாவும் மண்டபத்தைக் கூட்டப் போவோம். சுவருக்குப் பின்னால் சாக்கு மூட்டையை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் இழுக்கும், நிற்கும். அழகம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, “அக்கா, பின்னுக்கு யாரும் இருக்காங்களா?” என்றாள். பின்னால் மலைதான் இருக்கிறது. அவள் இப்போது மண்டபத்துக்குள் வருவதில்லை. நான்தான் கூட்டுகிறேன். கூட்டும்போது பாட்டு ஒன்றைப் போட்டுக்கொள்கிறேன், சத்தமாய்.

தண்ணீர் மறுபடி சிவந்துவிட்டது.

ஜீவா

ஹட்டன்
25.11.2025

ஜீவா,

பஸ் நிலையத்தில் நின்று எழுதுகிறேன். அழகம்மாவுக்கு அடித்தேன், “அண்ணன் பக்கத்துல இருக்காரு டீச்சர்” என்று வைத்துவிட்டாள். மஸ்கெலியா பஸ் கண்டக்டர் பழனியாண்டியிடம் இதைக் கொடுக்கிறேன். உன் கையில்தான் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

கடலில் புயல் கட்டியிருக்கிறதாம். மலைநாட்டுக்குப் பெரும் மழை என்று எல்லாச் செய்தியிலும் சொல்கிறார்கள். இங்கே நான் சாப்பிட உட்கார்ந்த கடையில் முதலாளி டீவியைப் பார்த்துக்கொண்டே பருப்பைச் சோற்றில் ஊற்றாமல் மேசையில் ஊற்றிவிட்டார்.

மதுரன் மகளின் சடங்குக்கு எத்தனை குடும்பம் வரும், எத்தனை பிள்ளைகள் வரும் என்று நினைத்துப் பார். அந்தச் சுவருக்குக் கீழே அவர்களை உட்கார வைத்து இலை போடாதே. சுமன் அண்ணன் கேட்கமாட்டார். நீ கேள். நான் எழுதியதற்காக நீ என்னோடு வாழ்நாள் முழுக்கப் பேசாமல் இரு. இந்த ஒன்றை மட்டும் செய்.

கோசலா

மஸ்கெலியா
26.11.2025

கோசலா,

பழனியாண்டி திரும்பிப் போகிற பஸ்ஸில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இவரிடம் கேட்கவில்லை. நேரே மதுரன் வீட்டுக்குப் போனேன். மண்டபத்தில் வேண்டாம், பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சமையல் எல்லாம் நானே பார்க்கிறேன் என்றேன். மதுரன் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, “சரிங்க அக்கா” என்றாள். ஒரு கேள்வி கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் மண்டபத்தில் தோரணத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஏறி நின்ற கதிரையிலிருந்து இறங்கினார். கயிற்றைச் சுற்றி வைத்தார். “நீயுமா?” என்றார். அவ்வளவுதான்.

மழை தொடங்கிவிட்டது. காலையிலிருந்து விடவில்லை. சாமான் எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கடையை நாளைக்குப் பூட்டிவிட்டு அவரையும் அங்கே வரச் சொல்லி அழகம்மாவை அனுப்பியிருக்கிறேன். வருவார் என்றுதான் நினைக்கிறேன்.

ஜீவா

பூண்டுலோயா
02.12.2025

ஜீவா,

இது உனக்குக் கிடைக்குமா தெரியாது. லைட் இல்லை, போன் இல்லை. ரோடு இரண்டு இடத்தில் ஆற்றோடு போய்விட்டது. ஹட்டன்வரை நடந்து போகப் போகிற ஒரு வாத்தியாரிடம் கொடுக்கிறேன்.

இங்கேயும் மலை பல இடத்தில் இறங்கியிருக்கிறது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். மஸ்கெலியா பக்கமிருந்து வந்த ஒருவர், “வளைவுல ஒரு கடை இருந்துச்சே, அது இல்ல” என்றார். யாராவது உள்ளே இருந்தார்களா என்று கேட்டேன். தெரியாது என்றார். தெரியாது என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வரி எழுது. ‘இருக்கிறேன்’ என்று மட்டும் எழுது. இருக்கிறோம் என்று எழுது.

கோசலா

மஸ்கெலியா, பள்ளிக்கூட முகாம்
14.12.2025

கோசலா,

உன் கடிதம் பத்தாம் தேதி கிடைத்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. நீ கேட்ட மாதிரி எழுத முடியவில்லை. இருக்கிறேன்.

அவர் வந்தார். அதை உன்னிடம் சொல்லவேண்டும். இருபத்தேழாம் தேதி மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு மழையில் நனைந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். மதுரன் வீட்டுப் பெண்கள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள், நான் அடுப்புக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் வந்து பானையை எட்டிப் பார்த்தார்.

“இவ்வளவு சனத்துக்கு இது பத்தாது ஜீவா. மழையில சிக்கி இன்னும் ஆளு வரும். கடையில நம்ம பெரிய அண்டா இருக்கு. மதுரன் வண்டியில போயி எடுத்துட்டு வந்துர்றேன்.”

என் பேரைச் சொல்லிவிட்டார், கோசலா. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஜீவா என்றார். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு மலையும் தெரியவில்லை, மழையும் தெரியவில்லை. “சீக்கிரம் வாங்க” என்றேன். தடுக்கவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ என்று பயந்தேன்.

மதுரன் வண்டியை ரோட்டுக்கு அந்தப் பக்கம், வளைவு தாண்டி நிறுத்தியிருந்தார். அதனால் பிழைத்தார். அவர் சொன்னதைத்தான் நான் எழுதுகிறேன். மேலே தேயிலை மலை, செடிகள் நின்றது நின்றபடியே கீழே நடந்து வந்ததாம். கடைக்குள் இருந்து இவர் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெளியே காலை வைத்தாராம். மழைக்காகக் கவிழ்த்திருப்பார். அதனால் அவருக்குச் சத்தம் கேட்டிருக்காது. மதுரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தாராம். பிறகு அங்கே ரோடும் இல்லை, கடையும் இல்லை.

மூன்றாம் தேதி தோட்டத்து ஆட்கள் மண்வெட்டியால் தோண்டி, மலைக்குக் கீழே நீர்த்தேக்கத்து ஓரத்தில் அவரை எடுத்தார்கள். மிஷின் வர ரோடு இல்லை. நான் பார்த்தேன். வேறு எழுத மாட்டேன்.

சடங்குக்கு வாங்கிய அரிசியும் பருப்பும்தான் முகாமுக்கு முதல் நாட்களில் சோறாயிற்று. மதுரன் மகள் சடங்குச் சேலை கட்டாமலே, பழைய பாவாடையோடு எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அந்தப் பிள்ளையும் அவள் வீட்டாரும் வரவிருந்த சனமும் உயிரோடு இருக்கிறார்கள். அது உன்னால்தான். அதை நான் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. உன் பழைய பதிவை இப்போது எல்லாரும் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். ‘டீச்சர் அப்பவே சொன்னாங்க, கேட்கல’ என்று எழுதி, அவர் டீ ஆற்றுகிற அந்தப் படத்தைப் போடுகிறார்கள். கீழே அவரைப் பேராசைக்காரன் என்கிறார்கள், மலையை வெட்டியவன் என்கிறார்கள். வெட்டினார்தான். ஆனால் பேராசை என்கிறவர்கள் யாரும் அவர் கையால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அந்தப் படத்தில் அவர் சிரிக்கிறார். இரவல் போனில் அதைப் பார்க்கும்போதெல்லாம், அவர் இன்னும் அந்த மலைக்குக் கீழேயே நிற்கிற மாதிரி இருக்கிறது. நீ சரியாகத்தான் சொன்னாய். சரியாய் இருந்தது போதும், எடுத்துவிடு.

வெள்ளிக்கிழமை கருமாதி. பஸ் நோர்வூட்வரைதான் ஓடுகிறது என்கிறார்கள், அங்கிருந்து ஏதாவது லொறி கிடைக்கும். கிடைக்காவிட்டால் நடந்து வா.

நாள் முழுக்க நான்தான் முகாமில் சோறு வடிக்கிறேன், எல்லார் தட்டிலும் போடுகிறேன். என் தட்டை எடுத்து உட்கார்ந்தால் கை மேலே வரமாட்டேன் என்கிறது. அழகம்மா உருட்டிக் கொடுத்தும் பார்த்துவிட்டாள். பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் அழுகிறார்கள், எனக்கு அது வேண்டாம். அழாமல் எனக்கு எதிரே உட்கார்ந்து யாராவது சாப்பிட வேண்டும். உப்பு இல்லை, காரம் கூட என்று எதையாவது சொல்லிக்கொண்டே சாப்பிட வேண்டும். அப்படி எனக்கு உன்னைத் தவிர ஆளில்லை.

வெறுங்கையோடு வா. நான் சமைத்து வைக்கிறேன்.

ஜீவா